சுரண்டச் சுரண்ட வளர்ந்த புண்

எங்கள் ஆஸ்பத்திரியின் புண் கட்டும் அறைக்குப் புதிதாக ஓர் இயந்திரம் வந்திருக்கிறது. புண்ணில் பஞ்சை வைத்து மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டிவிட்டால், குழாய் வழியாகச் சீழை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். திறந்து வைக்கும் நாளில், ஓய்வு பெற்றுவிட்ட என்னையும் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, சால்வை போர்த்தினார்கள். மூன்று மின்விசிறியில் ஒன்றுதான் சுற்றியது. சால்வை கழுத்தை அறுத்துக்கொண்டிருந்த நேரத்தில் இப்போது அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் பெண் வந்து, "அண்ணே, பெரிய பெரிய புண்ணெல்லாம் ஆத்தியிருக்கீக. ஆண்டு மலருக்கு அதுல நாலஞ்சு எழுதித் தாங்க" என்றாள்.

ஆற்றியவற்றை எழுதுவது சுலபம். ஆனால் அவற்றைப் படித்து இவர்கள் என்ன கற்றுக்கொள்ளப் போகிறார்கள்? சுத்தம் செய், கட்டுப் போடு, காலைத் தூக்கி வை. அதை இயந்திரமும் செய்யும். எந்தப் புண்ணைத் தொடக் கூடாது என்று அதற்குத் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப்போவதில்லை, மனிதர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

மதுரையில் மூன்று வருடம் நர்ஸ் படிப்புப் படித்தேன். அப்பா மிஷன் பள்ளி வாத்தியார். ஆண்பிள்ளைக்கு எதற்கு இந்தப் படிப்பு என்று சொந்தக்காரர்கள் கேட்டதைத் தவிர அந்த மூன்று வருடத்தில் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே எனக்கு ஒட்டிக்கொண்டது எண்ணும் பழக்கம். புண்ணுக்குள் எத்தனை காஸ் துணி போனதோ அத்தனை வெளியே வரவேண்டும். பிறகு நான் கட்டிலை எண்ண ஆரம்பித்தேன், ஊசியை எண்ணினேன், வார்டின் ஜன்னல் கம்பிகளைக்கூட எண்ணினேன். வீட்டில் எனக்கும் என் மனைவிக்கும் சண்டை வருவதே இதனால்தான்.

அப்போது என் மேலதிகாரி டாக்டர் ஜமால், அறுவை சிகிச்சைப் பிரிவின் தலைவர். விருதுநகரில் மண்டி வைத்திருந்த குடும்பம். சிறு வயதில் அப்பாவின் கடையில் நின்றவர், அந்தக் கடைப் பேச்சை நோயாளிகளிடமும் பேசினார். நோயாளி தன் உபாதையைச் சொல்லி முடித்ததும், சாமான் கட்டுகிறவர் கேட்பதுபோல "வேற?" என்பார். இன்னொன்று சொல்வார்கள். "வேற?" என்பார் மறுபடியும். ஒன்றுமில்லை என்று இரண்டு தடவை வரும்வரை விடமாட்டார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கட்டைப் பிரித்ததும் முதலில் குனிந்து மோந்து பார்ப்பார், பிறகு விளிம்பைப் பார்ப்பார், நடுவைக் கடைசியில்தான் பார்ப்பார். "புண்ணு எதுனால வந்துச்சுன்னு ஓரம்தான் சொல்லும், ஞானதுரை" என்பார்.

எங்கள் சிவகாசிப் பக்கத்தில் காலில் பெரிய புண் என்றால் பெரும்பாலும் சர்க்கரை, இல்லையென்றால் நரம்புச் சுருட்டல், அதுவும் இல்லையென்றால் வெடிமருந்து. இவற்றில் அடங்காதவையும் வரும். ஆலங்குளத்திலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். கான்கிரீட் போடும்போது ரப்பர் பூட்ஸுக்குள் ஈரச் சிமெண்ட் இறங்கியிருக்கிறது. வேலை முடியும்வரை கழற்றவில்லை. சிமெண்ட் சூடில்லாமலே சுடும் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் அன்றுதான் தெரியும். இன்னொருவருக்கு, இளவயதில் பட்ட தீக்காயத் தழும்பு பல வருடம் கழித்து உடைந்து, விளிம்பு பூக்கோசுபோலத் தடித்தது. டாக்டர் அந்த விளிம்பில் நாலு இடத்தில் சதை எடுத்து அனுப்பினார். புற்று.

மூன்றாவது ஆள்தான் என்னைக் கெடுத்தவர். நஷ்ட ஈட்டு வழக்கு முடியும்வரை புண் ஆறக் கூடாது என்று, யாரும் பார்க்காத நேரத்தில் கட்டை விலக்கி எருக்கம்பால் தடவிக்கொண்டிருந்தார். நான் மாவுக்கட்டுப் போட்டு மூடினேன். புண் ஆறத் தொடங்கியது, குட்டு உடைந்தது. வார்டு முழுவதும் என்னைப் பாராட்டினார்கள். அதிலிருந்து எந்த நோயாளி எதைச் சொன்னாலும் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பேன்.

அப்படிப் பார்ப்பதற்கு இந்த வட்டாரத்தில் காரணமும் உண்டு. அனுமதி இல்லாத கொட்டகையில் பட்டாசு செய்து காயம்பட்டவர்கள் வெடி என்று வாயைத் திறக்கமாட்டார்கள். திறந்தால் போலீசுக்குத் தகவல் போகும், கொட்டகையை மூடுவார்கள், கூட இருந்த அத்தனை பேருக்கும் வேலை போகும். அதனால் வெந்நீர் கொட்டிவிட்டது, பைக் சைலன்சர் சுட்டுவிட்டது என்பார்கள். "நாரணாபுரத்துல எல்லாரும் வெந்நீருக்குள்ளதான் குடியிருக்காகளா?" என்று எங்கள் தலைமை நர்ஸ் சிஸ்டர் ரெஜினா கேட்பாள். நாங்களும் வெந்நீர் என்றே எழுதிவிட்டு, வெடிமருந்துக் காயத்துக்கான வைத்தியத்தைச் செய்வோம்.

பேச்சியம்மாள் வந்தது தீபாவளி சீசன் நேரம். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கொட்டகையில் வெடிச் சரம் பின்னுகிறவள், முப்பத்தைந்து வயதிருக்கும். கொட்டகையின் காண்ட்ராக்டர்தான் தன் வேனில் கொண்டுவந்து இறக்கினான். வெடிக் காயம் என்று முடிவு கட்ட எங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. இடது கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்குப் புண்.

"எப்படி ஆச்சு?" என்றேன்.

"பூச்சி கடிச்ச மாதிரி ஒரு கொப்புளம் வந்துச்சு அண்ணாச்சி. அதுவா ஒடஞ்சு அதுவா பெருசாயிருச்சு."

"எந்தக் கம்பெனிப் பூச்சி?"

பக்கத்துக் கட்டில்களில் சிரித்தார்கள். "சீசன்ல பூச்சி ஜாஸ்திதான் அண்ணே" என்றாள் ரெஜினா. பேச்சியம்மாளும், என்னவென்று புரியாமல், லேசாகச் சிரித்தாள். டாக்டர் ஜமாலும் வந்து பார்த்தார். சர்க்கரை இல்லை, நரம்பில் கோளாறு இல்லை. காண்ட்ராக்டர் வாசலில் நிற்பதைப் பார்த்தார், தலையை ஆட்டினார். அன்று ஒரு தடவைகூட அவர் "வேற?" என்று கேட்கவில்லை.

என் வேலை முறையைச் சொல்லவேண்டும். உப்பு நீரில் நனைத்துப் பழைய கட்டை உரிப்பேன். கரண்டி போன்ற கருவியால் மஞ்சள் அழுக்கைச் சுரண்டுவேன். அடியில் சிவப்புப் புள்ளியாக ரத்தம் கசிந்தால்தான் நிறுத்துவேன். 'ஞானதுரை கை பட்டால் புண் பளிச்சென்று இருக்கும்' என்று பெயர். பிறகு சிவகாசி அச்சகத்தில் வாங்கிய கண்ணாடித் தாளைப் புண்மேல் வைத்து ஓரத்தை வரைந்து, கட்டம் போட்ட தாளில் வைத்து எத்தனை கட்டம் என்று எண்ணுவேன்.

பேச்சியம்மாளின் புண்ணில் கட்டம் கூடிக்கொண்டே போனது. சுரண்டச் சுரண்ட ஓரம் கத்தரிப்பூ நிறத்தில் கரைந்து வெளியே நகர்ந்தது. அழுக்கு இன்னும் மிச்சமிருக்கிறது என்று நினைத்து இன்னும் ஆழமாகச் சுரண்டினேன். டாக்டரும் தியேட்டருக்குக் கொண்டுபோய் இரண்டு தடவை வெட்டிச் சுத்தம் செய்தார். அவள் சேலைத் தலைப்பைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்துக்கொள்வாள். ஆழமான தீக்காயத்தில் நரம்பு செத்துப்போயிருக்கும், வலி இவ்வளவு இருக்காது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

இன்னொன்றும் என்னை எரிச்சல்படுத்தியது. நான் தள்ளுவண்டியோடு போகும்போதெல்லாம் அவள் கட்டில் காலியாக இருக்கும். காலை ஊன்றக் கூடாது என்று சொல்லியிருந்தேன். அவளோ சுவரைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தின் கோடியிலிருந்து நொண்டி நொண்டி வருவாள்.

"எங்க போன?"

"போன் பேசப் போனேன் அண்ணாச்சி."

ஒருநாள் பொறுக்க முடியவில்லை. புண் பெருகுகிறது, டாக்டர் என் முகத்தைப் பார்க்கிறார், இவள் நடந்துகொண்டிருக்கிறாள். பதினொரு கட்டிலும் நிறைந்திருந்த பார்வையாளர் நேரத்தில் உரக்கக் கேட்டேன்: "காண்ட்ராக்டர்கிட்ட பேச்சு இன்னும் முடியலையா? அப்படி என்னதான் எந்நேரமும் பேசுறது?"

நான் நினைத்தது, வெடி விபத்தை எப்படி மறைப்பது என்று அவன் சொல்லிக்கொடுக்கிறான் என்பதுதான். கேட்டவர்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. யாரோ ஒருத்தி 'க்கும்' என்று தொண்டையைச் செருமினாள். பேச்சியம்மாள் மறுத்துப் பேசவில்லை. படுத்துப் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். மறுத்துப் பேசாததால் நான் சொன்னது சரி என்று முடிவு கட்டினேன். அதுவரை தினமும் சாப்பாடு கொண்டுவந்த அவள் வீட்டுக்காரர், லாரியில் லோடு ஏற்றுகிற கருப்பசாமி, அதற்குப் பிறகு வரவில்லை. அவள் தங்கச்சிதான் வந்தாள். நான் அதையும் கவனித்தேன், காரணத்தைக் கேட்கவில்லை.

வலது தொடையிலிருந்து தோல் சீவி எடுத்துப் புண்மேல் ஒட்டினோம். ஒட்டிய தோல் ஈரக் காகிதம்போலக் கரைந்தது. புண் கெண்டைக்காலை முக்கால்வாசி சுற்றி வந்துவிட்டது, அடியில் தசைநார் வெள்ளையாகத் தெரிந்தது. டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே, "முட்டிக்குக் கீழ எடுத்துரலாம். மேல ஏற விடக் கூடாது" என்றார். மறுநாள் காலை என்று முடிவாயிற்று.

பேச்சியம்மாள் டாக்டரிடம் எதுவும் கேட்கவில்லை. அவர் போனதும் என்னைக் கூப்பிட்டாள். "காலு இல்லாம எப்படி அண்ணாச்சி சம்மணம் போடுவேன்? சரம் பின்னுறது உக்காந்து பாக்குற வேலையில்ல?"

"உசுரு இருந்தா வேற வேலை பாத்துக்கலாம்" என்றேன். எல்லோரிடமும் சொல்கிற பதில்.

அன்று சாயங்காலம், ஆபரேஷனுக்கு முன் மற்ற கட்டுகளையும் மாற்றிவிடலாம் என்று புண் கட்டும் அறைக்கு அவளைக் கொண்டுவந்து வலது தொடைக் கட்டைப் பிரித்தேன். தோல் சீவிய இடம் இந்நேரம் ஆறிச் சிவந்து காய்ந்திருக்கவேண்டும். அங்கே இன்னொரு புண் இருந்தது. அதே குழைவு, அதே கத்தரிப்பூ ஓரம். கருவியின் முனையை விளிம்பில் வைத்தால் அடியில் புகுந்து போயிற்று. கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினேன்.

அவர் வந்தார். மோந்து பார்க்கவில்லை. தொடையைப் பார்த்தார், காலைப் பார்த்தார், மறுபடி தொடையைப் பார்த்தார்.

"இந்தத் தொடையில எந்த வெடி வெடிச்சது, ஞானதுரை?"

விளக்கைக் கிட்டே இழுத்துப் பிடித்தேன்.

"இங்க பட்டது என் பிளேடு மட்டுந்தான்." அவள் கையில் குளுக்கோஸ் ஊசி ஏற்றிய இடத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒரு சின்னக் கொப்புளம் சீழ் கட்டியிருந்தது. "நாம எங்கெல்லாம் தொட்டோமோ அங்கெல்லாம் வருது. நாளைக்கு இந்தக் கால எடுத்திருந்தா, எடுத்த எடமும் இப்படித்தான் ஆகியிருக்கும்."

முக்காலியை இழுத்துப் போட்டு அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். "அந்தக் கொப்புளத்தப் பத்தி முதல்ல இருந்து சொல்லும்மா."

சொன்னாள். முதல்நாள் என்னிடம் சொன்ன அதே வார்த்தைகள்.

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல சார்."

"வேற?"

அவள் என்னைப் பார்த்தாள். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். டாக்டர் திரும்பவில்லை. "ஞானதுரை, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. சிஸ்டர் இருக்கட்டும்" என்றார்.

என் அறையிலிருந்து என்னை யாரும் வெளியே அனுப்பியதில்லை. ஆண், பெண், குழந்தை என்று யாருடைய உடம்பையும் கூச்சமில்லாமல் பார்க்கிற உரிமை எனக்கு இருப்பதாக நினைத்திருந்தேன். தாழ்வாரத்தில் நின்றேன். கதவுக்குள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. அத்தனை நாள் சுரண்டியபோது கேட்காத அழுகை.

ரெஜினா வெளியே வந்தாள். "ரெண்டு வருசமா வயித்தால போகுதாம் அண்ணே. ரத்தமும் சளியுமா. கொட்டகையில கக்கூஸ் கெடையாது, கருவேலங்காட்டுக்குள்ள ஓடுவாளாம். கூட இருக்குற பொம்பளைகளுக்குத் தெரிஞ்சா பக்கத்துல உக்கார விடமாட்டாகன்னு கடையில மாத்திரை வாங்கித் தின்னே ஓட்டியிருக்கா. வீட்டுக்காரருக்கும் தெரியாது."

"அப்ப போன் பேசப் போனது?"

"எந்தப் போனு? அவ போனு ரிப்பேராகி என் டிராயர்லதான கெடக்கு. உங்ககிட்ட கக்கூஸுன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுப் போனுன்னிருக்கா. நீங்க அதக் காண்ட்ராக்டர் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டீக." சொல்லலாமா என்று யோசித்தவள், சொல்லிவிட்டாள்: "அவ ஊர்க்காரி ஒருத்தி அன்னைக்கு வார்டுல இருந்திருக்கா. கருப்பசாமி ஏன் வரலைங்கிறீக?"

ஜன்னல் கம்பியை எண்ணினவன் நான். அந்தக் கட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை காலியாகிறது என்று எண்ணியிருந்தால், ஒருவேளை என்னவென்று கேட்கத் தோன்றியிருக்கும். நான் கோபப்பட்டேன், அவ்வளவுதான்.

அந்த நோயின் பெயர் பயோடெர்மா கேங்க்ரினோசம். கிருமியால் வருவதல்ல, தீயால் வருவதுமல்ல. உடம்பைக் காக்கவேண்டிய அணுக்களே தடம் மாறித் தோலைத் தின்கின்றன. சுரண்டினால், வெட்டினால், ஊசி குத்தினால்கூட அந்த இடத்தில் புதிதாகக் கிளம்பும். இதற்கென்று தனியாக ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. மற்ற காரணங்கள் ஒவ்வொன்றையும் இல்லை என்று தள்ளி, புண்ணின் போக்கையும் கூட இருக்கிற நோயையும் வைத்துத்தான் முடிவுக்கு வரவேண்டும். சிலருக்குக் குடல் அழற்சியோடு சேர்ந்து வரும். அதனால் பெரிய புண்ணோடு வருகிறவர்களிடம் வயிற்றைப் பற்றிக் கேளுங்கள். தனியாக வைத்துக் கேளுங்கள். இல்லை என்றால் நம்பிவிடாதீர்கள், ஆமாம் என்றால் சிரிக்காதீர்கள்.

அவளைத் தங்கச்சியோடு மதுரைக்கு அனுப்பினோம், குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அங்கேயும் புண். அங்கிருந்த தோல் டாக்டரிடம் பேசிவிட்டு வந்து, ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார் டாக்டர் ஜமால்.

"சார், இம்புட்டுப் பெரிய திறந்த புண்ணு. ஸ்டீராய்டு குடுத்தா கிருமி ஏறிராதா?" என்றேன்.

"ஏறலாம். எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார். "நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யணும். ஒண்ணும் செய்யாம இருக்கணும். சுரண்டாதீங்க, தேய்க்காதீங்க. நனைச்சு எடுங்க, எண்ணெய்த் துணியப் போடுங்க, மூடுங்க."

முதலில் வலி போயிற்று. அந்த வாரம்தான் அவள் தூங்கி நான் பார்த்தேன். பிறகு ஓரத்தின் கத்தரிப்பூ நிறம் வெளுத்தது. பிறகு கட்டங்கள் குறைய ஆரம்பித்தன. தோல் சல்லடைபோலப் புள்ளிப்புள்ளியாக மூடிக்கொண்டு வந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தினமும் நினைத்தேன். தினமும் உப்பு நீரின் சூட்டைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

வீட்டுக்குப் போகிற நாள் அவளே பேசினாள். "அவரு கீழ ஆட்டோவுல இருக்காரு, அண்ணாச்சி. எங்க அண்ணன் போய்ப் பேசிக் கூட்டியாந்திருக்கு. மேல ஏறி வரமாட்டேன்னுட்டாரு. நீங்க போய் ஒரு வார்த்தை சொல்லணும்."

"சொல்றேன்மா."

"நான் யார்கிட்டயும் போன் பேசலைன்னு சொல்லுங்க. வயித்து விசயத்தச் சொல்லிராதீக. மாத்திரை காலுக்குன்னுதான் அவருக்குத் தெரியும்."

"புருசன்தானம்மா. அது ஒரு நோயி. தெரிஞ்சா என்ன?"

"உங்களுக்கு நோயி அண்ணாச்சி. நான் அந்த வீட்டுல சோறு பொங்கணும்ல" என்றாள்.

கீழே போனேன். கருப்பசாமி ஆட்டோவுக்கு வெளியே நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கீழே போட்டு மிதித்தார்.

"தம்பி, உங்க வீட்டம்மா யார்கிட்டயும் போன் பேசலை."

"நீங்கதான சொன்னீக? வார்டே கேட்டுச்சாமே."

"ஆமா. சொன்னேன்."

"பேசலைன்னா, படுக்கையில இல்லாம எங்க போனா?"

பேச்சியம்மாள் தங்கச்சியின் தோளைப் பிடித்தபடி படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். பாதிப் படியில் நின்றுவிட்டாள். அவளுக்கும் அந்தக் கேள்வி கேட்டிருக்கும்.

"எங்கயும் போகலை. படுக்கையிலதான் இருந்தாங்க. நான் பொய் சொன்னேன்" என்றேன்.

"எதுக்கு?"

"புண்ணு ஆறலை. கட்டுப் போடுறவன் சரியில்லைன்னு பேரு வந்துரும்னு, அவங்க நடந்ததாலதான் ஆறலைன்னு சொல்லிட்டேன்." சொல்லும்போது கற்பனையாகத்தான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகு, அதில் கற்பனை அதிகமில்லை என்று தெரிந்தது.

கருப்பசாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமையானா வேதக்கோயிலுக்குப் போற ஆளுதான நீங்க? ஒரு பொம்பளையப் பத்தி இப்படிச் சொல்ல எப்படிய்யா வாயி வந்துச்சு?" பதிலுக்குக் காத்திராமல் என்னைத் தாண்டிப் படியேறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "மெள்ள, மெள்ள" என்று சொல்லிக்கொண்டே இறக்கினார். ஆட்டோவில் ஏறும்போது அவள் அந்த இடது காலைத்தான் முதலில் வைத்து ஏறினாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் சரி.

மிச்சப் புண்ணுக்குக் கட்டு மாற்ற வாரம் ஒருமுறை வந்தார்கள். "அந்த ஆளு கை எங்க வீட்டுப் பொம்பள மேல படக் கூடாது" என்று கருப்பசாமி முதல் வாரமே ரெஜினாவிடம் சொல்லிவிட்டார். டாக்டர் காரணம் கேட்டார். "அவரு சொல்றது சரிதான் சார்" என்று மட்டும் சொன்னேன். அதன்பின் பேச்சியம்மாள் உள்ளே இருக்கும் நேரமெல்லாம் நான் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

புண் முழுவதும் மூடிய அன்று கருப்பசாமி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து ரெஜினாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். பேச்சியம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு வரும்வரை காத்திருக்கவேண்டியிருந்தது. பெஞ்சில் என் பக்கத்தில் இடம் இருந்தது. நான் இன்னும் கொஞ்சம் நகர்ந்தேன். அவர் நின்றுகொண்டே இருந்தார்.